கருத்தடை மாத்திரையும் இடைநாள் உதிரக்கசிவும்

மாதவிடாயைப் பற்றிய பேச்சு பஞ்சாயத்தாருக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மாத்திரை உட்கொள்ளத் தொடங்கிய பெண்ணுக்கு, மாதவிடாய் முடிந்த சில நாட்களிலேயே துணியில் உதிரக்கறை தென்படுகிறது. அவள் அஞ்சுகிறாள். "அந்த மருந்தே வேண்டாம்" என்கிறார் மாமியார். அட்டை பாதியில் நின்றுவிடுகிறது. பின்னர் எதிர்பாராத கர்ப்பம் வந்து சேருகிறது. குடும்பம் முழுவதும் சுமக்க வேண்டிய விஷயமாதலால், ஆண்களும் இதனை அறிந்திருத்தல் அவசியமென்றே நாம் கருதுகிறோம்.

அரசு இலவசமாக வழங்கும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் உள்ளன. முதல் 21 மாத்திரைகளில் ஹார்மோன் மருந்து உண்டு. எஞ்சிய 7 இரும்புச்சத்து மாத்திரைகள். இந்த 7 நாட்களில்தான் மாதவிடாய் வரவேண்டும். அதற்கு முன்பே சிறிது உதிரம் கண்டால் அதுவே இடைக்கசிவு. மருந்தினால் கருப்பையின் உட்சவ்வு மெலிகிறது. உடல் அதற்குப் பழகும் வரை, மெலிந்த சவ்வு ஆங்காங்கே உதிர்ந்து கசிவதுண்டு. முதல் 3 மாதங்களில் இது பலருக்கும் நேர்வதே. மாத்திரை தவறாதிருக்கும் வரை, மருந்து பலிக்கவில்லை என்பதற்கு இது அடையாளமன்று.

1960-இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அனுமதி பெற்ற முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 150 மைக்ரோகிராம் இருந்தது. மாலா-என் மாத்திரையில் இருப்பது 30 மைக்ரோகிராமே. குழாய்களில் இரத்தம் உறையும் அபாயத்தைத் தணிக்கவே அளவு குறைக்கப்பட்டது. அளவு குறைந்தால் கசிவு சற்று மிகும். இது நல்ல பேரமே என்பது நம் கருத்து.

ஆனால் எல்லாக் கசிவும் இவ்வகையன்று. நடவும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் நாட்களில் மாத்திரையை மறப்பது இயல்பு, மறந்தாலும் கசியும். ஒன்று தவறினால் நினைவு வந்தவுடன் அதனை உட்கொண்டு, அடுத்ததை வழக்கமான வேளையில் உட்கொள்க. ஒரே நாளில் இரண்டு நேரினும் கேடில்லை. இரண்டோ அதற்கு மேலோ தவறினால், ஒன்றை உடனே உட்கொண்டு அட்டையைத் தொடர்வதுடன், 7 நாட்களுக்கு ஆணுறையும் வேண்டும். தவறியது மூன்றாம் வாரமாயின் இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டு, நேரே புதிய அட்டையைத் தொடங்குக.

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின், கார்பமசெபின் ஆகியவையும் மாத்திரையின் பலத்தைக் கெடுப்பவை. இவர்களுக்குக் கசிவு ஓர் எச்சரிக்கை. காப்பர்-டி போன்ற வேறு முறையே தக்கது.

மூன்று மாதங்களுக்குப் பின்னும் கசிவு நீடித்தாலும், உதிரம் மிகுந்தாலும், உடலுறவுக்குப் பின் உதிரம் கண்டாலும், அடிவயிற்றில் கடும் வலி இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்க. கர்ப்பச் சோதனையும் கருப்பை வாய்ச் சோதனையும் அங்கே செய்வார்கள். காலில் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று கண்டாலும் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. ஓர் அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை தொடங்கியாக வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் அட்டைகள் போதிய கையிருப்பில் உள்ளனவா என்று மாதந்தோறும் கேட்டு, குறைவாயின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதுக.