பஸ்ஸை முந்தலாம்... வாட்ச்மேனைத் தாண்ட முடியாது!

காலை மணி 8-15. இடம்: அயனாவரம்.

பஸ் ஸ்டாப்பில் ஐம்பது பேர் நிற்கிறார்கள். ஐம்பது கழுத்தும் ஒரே பக்கம் நீண்டிருக்கிறது. பஸ் வருகிறது. உள்ளே எள் விழ இடமில்லை! ஏறியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் கழுத்து மறுபடியும் நீளுகிறது.

அந்த ஸ்டாப்பை நான் சைக்கிளில் தாண்டிப் போகிறேன். போகும்போது பெல்லை ஒரு தட்டு தட்டுகிறேன்.

ட்ரிங்... ட்ரிங்!

வழி கேட்டு அடித்த பெல் அல்ல அது. ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம் கொழுப்புதான்!

அயனாவரத்தில் இருந்து பாரிமுனைக்கு சுமார் 8 கிலோ மீட்டர். கொன்னூர் ஹைரோடு, ஓட்டேரி, புரசைவாக்கம், டவுட்டன், வேப்பேரி, பெரியமேடு, சென்ட்ரல், பூக்கடை. அதைத் தாண்டினால் ஆபீஸ். அவசரப்படாமல் மிதித்தால் 40 நிமிஷம். பஸ்சுக்கு நடக்கிற நேரம், நிற்கிற நேரம், சிக்னலில் பெருமூச்சு விடுகிற நேரம் எல்லாம் கூட்டினால் சைக்கிள் தோற்ற நாள் ரொம்பக் குறைவு.

பெட்ரோல் கிடையாது. லைசென்ஸ் கிடையாது. டிக்கெட்டுக்குச் சில்லறை தேட வேண்டியதில்லை. ராஜா மாதிரி போகலாம்.

ஆனால் ராஜாவை யாரும் மதிப்பதில்லை! அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

மாடிப்படிக்கு அடியில்...

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது. மின்சார ரயில் நின்றது. பிறகு ஆபீஸ் மட்டும் திறந்துவிட்டார்கள். எப்படிப் போவது?

மாடிப்படிக்கு அடியில் பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் நின்றது. அப்பா ஓட்டிய சைக்கிள். டயர் இரண்டும் வெடித்துப்போய், செயின் துருப்பிடித்து, சீட்டில் பூனை படுத்திருந்தது. அதை உருட்டிக்கொண்டு போய் ஓவராயில் செய்து ஏறினேன்.

அந்த வருஷம் என்னைப் போல ஏகப்பட்ட பேர் ஏறினார்கள். சைக்கிளுக்குப் பெரிய கிராக்கி. பிறகு பஸ் வந்தது, ரயில் வந்தது. அவரவர் இறங்கிவிட்டார்கள். நான் இறங்கவில்லை. காசு மிச்சம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கிறது.

சம்பளம் வாங்காத ஆள்!

காற்று!

அயனாவரம் மேற்கே. பாரிமுனை கிழக்கே, துறைமுகத்தை ஒட்டி. சித்திரை, வைகாசியில் காலை வேளையில் லேசாகத் தரைப்பக்கம் இருந்து காற்று வீசும். முதுகில் கை வைத்தது மாதிரி ஆபீசுக்குத் தள்ளிவிடும். பகலில் தரை சூடேறியதும் கடல் பக்கம் இருந்து காற்று திரும்பும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு மேற்கே திரும்பினால் அந்தக் காற்று மறுபடி முதுகில்! போகும்போதும் தள்ளும், வரும்போதும் தள்ளும். இப்படி ஒரு ஆளை எந்த முதலாளி வைத்துக்கொடுப்பார்?

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தவருக்குக்கூட இது தெரியாது.

ஐப்பசி பிறந்தால் கதை மாறும். வடகிழக்கில் இருந்து வாடைக்காற்று. காலையில் நேராக மூஞ்சியில் அடிக்கும். சென்ட்ரல் வருவதற்குள் தொடை இரண்டும் 'போதும்டா சாமி' என்று கெஞ்சும். ஆனால் சென்னை தட்டையான ஊர். பாலத்தையும் சுரங்கப்பாதையையும் விட்டால் மேடு என்று ஒன்று கிடையாது. எதிர்காத்து ஒன்றுதான் இந்த ஊர் சைக்கிள்காரனுக்கு மலை.

வழியெல்லாம் வாசனை வேறு. புரசைவாக்கத்தில் கடை வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது எழும்புகிற மண் வாசனை, சாம்பிராணி. பெரியமேட்டில் தோல் வியாபார வாசனை. கண்ணைக் கட்டி விட்டாலும் எந்த இடம் என்று சொல்லிவிடுவேன். (கட்டிக்கொண்டு ஓட்டுவதாக இல்லை!)

'அத்த அப்பால வையி!'

பஞ்சர் ஆனால்தான் தெரியும், இந்த ஊரில் நமக்கு யாரும் இல்லை என்று.

ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு சைக்கிள் கடை இருந்தது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். கால் எட்டாத பையன்கள் பாருக்கு நடுவே காலை விட்டு குரங்கு பெடல் அடித்துப் பழகியது அந்த வாடகை சைக்கிளில்தான். இன்று 'பஞ்சர்' என்று போர்டு மாட்டிய கடைகளில் முக்கால்வாசி பைக்குக்கும் காருக்கும்தான். சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் நின்றால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

"சைக்கிளா? அத்த அப்பால வையி. பைக்கு வேல கீது, முச்சிட்டுப் பாக்கலாம்."

ஓட்டேரிப் பக்கம் ஒரு சந்தில் ஒரு பெரியவர் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு பெட்டி, ஒரு பம்ப், ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான். ஆனால் கை இருக்கிறதே!

டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீரில் முக்கி ஒரு சுற்று சுற்றுவார். எங்கே முட்டை விடுகிறதோ அங்கே விரல் நிற்கும். துடைத்து, அரம் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை காத்திருப்பார். அவசரப்படுத்தினால் முறைப்பார். ஒட்டு வைத்துத் தட்டி முடித்ததும் டியூபை மாட்டிவிட மாட்டார். டயருக்குள் விரலை விட்டு முழு வட்டமும் தடவிப் பார்ப்பார்.

"குத்துன ஆணி உள்ளயே இருந்தா, அடுத்த தெருவுல திரும்பப் புஸ்ஸு. அத எடுக்காம ஒட்டுறவன் கடைக்காரன் இல்ல, திருடன்!"

பல தடவை பஞ்சர் என்று பதறிப் போனால் பஞ்சரே இருக்காது. வால் டியூப் இற்றுப் போயிருக்கும். சுண்டுவிரல் நீளம் ரப்பர். அதை மாற்றிக் காற்றடித்து அனுப்பிவிடுவார். அந்த ரப்பரில் நாலு துண்டு இப்போது எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கிறது.

பெரியவருக்கு வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை. அவருக்குக் காய்ச்சல் என்றால் என் சைக்கிளுக்கும் லீவுதான்.

பிடித்தால் கௌரவம்!

அப்பா காலத்துக் கதை ஒன்று உண்டு. அப்போதெல்லாம் பல ஊர்களில் நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் சைக்கிள் வரி கட்டி வில்லை வாங்க வேண்டும். வில்லை இல்லாவிட்டால் பிடிப்பார்கள். ராத்திரி விளக்கு இல்லாவிட்டால் பிடிப்பார்கள். டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள். சில போலீஸ்காரர்கள் பேசவே மாட்டார்கள். குனிந்து காற்றைப் பிடுங்கி விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்!

சின்ன வயசில் கேட்டபோது சிரிப்பு வந்தது. இப்போது யோசித்தால், அது ஒரு கௌரவம் அல்லவா? பிடித்தார்கள் என்றால் சைக்கிள்காரன் கணக்கில் இருந்தான் என்று அர்த்தம். இன்று விளக்கே இல்லாமல் நட்டநடு ராத்திரியில் போனாலும் கேட்க ஆள் இல்லை.

சைக்கிள்காரன் அப்படிக் குறைந்தா போய்விட்டான்? 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். விவசாயம், வீட்டுத் தொழில் தவிர மற்ற வேலைக்காரர்களில் நாடு முழுக்க 100-க்குச் சுமார் 13 பேர் சைக்கிள்! பைக், ஸ்கூட்டர்காரர்களும் ஏறக்குறைய அதே அளவுதான். கார்? 100-க்கு 3 பேர்கூட இல்லை.

2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று தனிக் கொள்கையே வகுத்தது. 2019-ல் வாடகை சைக்கிள் திட்டமும் வந்தது. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக இறங்கியது. ஆக, வாங்குவது சுலபம்.

வாங்கியதை எங்கே நிறுத்துவது?

'அது டூ வீலர் இல்ல சார்!'

என் ஆபீஸ் பாரிமுனையை ஒட்டிய ஒரு தெருவில், நாலு மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. கீழே போர்டு: 'டூ வீலர் பார்க்கிங்.' முதல் நாள் சைக்கிளை அங்கே விட்டு ஸ்டாண்டு போட்டேன். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"சார், சார்... இங்க வைக்கக் கூடாது!"

"டூ வீலர்னு போட்டிருக்கே அண்ணே?"

"ஆமா சார்."

"இதுக்கும் ரெண்டு சக்கரம்தானே?"

அவர் எட்டிப் பார்த்தார். எண்ணினார் என்றுகூடச் சொல்லலாம்.

"இருக்கு சார். ஆனா இது டூ வீலர் இல்ல சார்!"

இதற்கு என்ன பதில் சொல்ல? தெரு ஓரத்தில் ஒரு கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டினேன். ஒரு மாதத்தில் பெல் மூடி போனது. அடுத்து பம்ப் போனது. ஒரு மழை நாளில் சீட்டே போய், வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தேன்.

வேடிக்கை என்ன தெரியுமா? அம்பத்தூரில் 1949-ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் ஹெர்குலிசும் பி.எஸ்.ஏ.வும் போகாத ஊர் இல்லை. அந்தக் கம்பெனியை நடத்தும் முருகப்பா குழுமத்தின் தலைமை ஆபீஸ் எது? பாரிமுனையில் உள்ள டேர் ஹவுஸ்! என் அப்பாவின் சைக்கிளும் அம்பத்தூர் ஹெர்குலிஸ்தான். பிறந்த வீட்டுக்காரர்கள் இருக்கிற முனையிலேயே நிற்க இடம் தேடி அலைகிறது, பாவம்!

அந்த நவம்பர் மழை

2021 நவம்பரில் சென்னையில் கொட்டிய மழை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்துவிட்டது என்று நினைத்து ஒரு காலையில் சைக்கிளை எடுத்தேன். புரசைவாக்கத்துக்கு முன்னால் ரோட்டு ஓரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஓரமாகத்தானே போக வேண்டும்? போனேன். தண்ணீருக்கு அடியில் பள்ளம்.

முன் சக்கரம் இறங்கியது. நான் ஹேண்டில் பாருக்கு மேலே போய் நடு ரோட்டில் விழுந்தேன்.

பின்னால் வந்த லாரியின் பிரேக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சக்கரத்துக்கும் எனக்கும் எவ்வளவு இடைவெளி என்று நான் பார்க்கவில்லை. பார்த்த பூக்கார அம்மா சொன்னார்: "ஒரு மொழம்தான் நைனா. உன் பொண்டாட்டி தாலி கெட்டி!"

மணிக்கட்டில் எலும்பு கீறல். ஆறு வாரம் கட்டு. ஆறு வாரமும் பஸ்.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. கட்டுப் பிரித்த அன்று சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள். பின்னால் மாட்டுகிற சிவப்பு விளக்கு. மினுக் மினுக் என்று எரிவது.

"இது இல்லாம வெளிய போகக் கூடாது. போய்ச் சேர்ந்ததும் ஒரு போன். மறந்தா, அன்னியோட சைக்கிளை எடைக்குப் போட்டுடுவேன்."

அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு என் வீட்டுக்கு ஒரே வார்த்தையில் ஒரு போன் போகிறது: "வந்துட்டேன்."

அதற்குப் பிறகுதான் மற்ற சைக்கிள்களைப் பின்னால் இருந்து பார்க்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். ரோட்டில் கியர் சைக்கிளில் போகிறவர்களிடம் ஹெல்மெட், பளபளக்கும் சட்டை, முன்னும் பின்னும் விளக்கு எல்லாம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் விடியற்காலை இருட்டில் கேரியரில் டீ கேன் கட்டிக்கொண்டு போகிறவர், பேப்பர் போடும் பையன், நைட் டூட்டி முடித்து வருகிறவர்... பத்து சைக்கிளில் ஒன்றில்கூடப் பின் விளக்கை நான் பார்க்கவில்லை. மட்கார்டில் ஒட்டியிருந்த சிவப்புக் கண்ணாடியும் உடைந்து போயிருக்கும்.

சந்துக்குள் ஒரு சங்கிலி

ஒரு நாள் ஆபீசில் நேரமாகிவிட்டது. இறங்கி வந்தால் வாட்ச்மேன் டூட்டி மாற்றிக்கொண்டு கிளம்புகிறார். கட்டடத்துக்குப் பின்னால் இருந்து எதையோ உருட்டிக்கொண்டு வருகிறார்.

சைக்கிள்!

என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே... நீங்களுமா?"

"வியாசர்பாடி சார். நைட்டுல எனக்கு எந்த பஸ்சு சார்? பின்னாடி சந்துல, கரண்டு பெட்டி மறைவுல வைப்பேன். ஓனர் பாத்தா என் வேலைக்கே வேட்டு. அதான் உங்களையும் வுட முடியல. மன்னிச்சுக்க சார்."

அவர் சைக்கிளின் பின்பக்கத்தைப் பார்த்தேன். விளக்கு இல்லை. கண்ணாடியும் இல்லை.

மறுநாள் ஒரு சிவப்பு விளக்கு வாங்கிப்போய் நானே மாட்டிக்கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் ஹேண்டில் பாரைப் பிடித்து, சைக்கிளைச் சந்துக்குள் உருட்டிக்கொண்டு போனார். அவர் சைக்கிளோடு சேர்த்து ஒரே சங்கிலியில் பூட்டி, ஒரு சாவியை என் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பெல் மூடி போகவில்லை. சீட்டும் போகவில்லை.

போன வாரம் சாயங்காலம் சாவியோடு சந்துக்குள் போனேன். அவர் கரண்டு பெட்டி மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"இந்த எடத்துல ஏ.சி. மெஷின் வைக்கப் போறாங்களாம் சார். ஒண்ணாம் தேதிக்குள்ள வேற எடம் பாக்கணும்."

"ரெண்டு சைக்கிளுக்கும்தானே அண்ணே?"

"ஆமா சார், ரெண்டுக்கும்தான்."

தெரியும் யாருக்காவது பாரிமுனைப் பக்கம் நல்ல சந்து இருந்தால் சொல்லுங்கள்!