கிழப்பூனையின் பொய்யிளமை

பன்னிரண்டு பதின்மூன்று வயதைக் கடந்துவிட்ட ஒரு வீட்டுப் பூனை, திடீரென்று குட்டிப் பருவத்துச் சுறுசுறுப்பைத் திரும்பப் பெற்றுவிட்டதுபோல் மாடிப்படிகளில் தாவித் திரிவதும், வைத்த ஆகாரத்தை நொடியில் தீர்த்துவிட்டு மறுபடியும் தட்டின் முன் நின்று கத்துவதும், மீன் நறுக்கும் சப்தம் கேட்ட மாத்திரத்தில் சமையற்கட்டை விட்டு நகர மறுப்பதுமாக இருந்தால், வீட்டார் அதைக் கண்டு சந்தோஷப்படுவது இயல்புதான். ஆனால் அதைத் தூக்கி மடியில் வைத்துத் தடவிப் பார்க்கும்போது முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டு, பளபளப்பாக இருந்த ரோமம் திரிதிரியாகக் கலைந்து கிடக்குமானால், அந்தச் சந்தோஷத்திற்கு ஆதாரமில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். தின்னத் தின்ன இளைக்கும் இந்த விபரீதம், தைராய்டுச் சுரப்பி அளவு கடந்து வேலை செய்யும் வியாதியின் பிரதான அடையாளமாகும். வியாதியுள்ள பிராணி உணவை வெறுக்கும் என்பது பொதுவான நம்பிக்கையாதலால், பசியோடு இருக்கும் பூனையை வைத்தியரிடம் கொண்டுபோக ஒருவருக்கும் தோன்றுவதில்லை; மாதங்கள் வீணாகக் கழிவது இதனால்தான்.

1979-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் டாக்டர் மார்க் பீட்டர்சனும் அவருடைய சகாக்களும் எடுத்துரைக்கும் வரையில், பூனைகளுக்கு இப்படியொரு வியாதி உண்டு என்பதைக் கால்நடை வைத்திய உலகம் அநேகமாக அறிந்திருக்கவில்லை. இன்றோ, வயதான பூனைகளுக்கு வரும் ஹார்மோன் கோளாறுகளில் இதுவே மிகச் சாதாரணமானது. டப்பாக்களில் அடைத்து விற்கப்படும் உணவின் மீதும், அந்த டப்பாக்களின் உட்பூச்சின் மீதும், சோபா மெத்தைகள் தீப்பற்றாமல் இருக்கச் சேர்க்கப்பட்டு வந்த ரசாயனங்களின் மீதும் ஆராய்ச்சியாளர்கள் சந்தேகம் கொண்டிருக்கிறார்கள். தரையில் படிந்த தூசியையெல்லாம் ரோமத்தில் ஏற்றி நாவால் நக்கி விழுங்கும் சுபாவமுள்ள பிராணியல்லவா இது! எனினும், இன்னதுதான் காரணம் என்று எதுவும் இதுவரை நிரூபணமாகவில்லை.

கழுத்தில் மூச்சுக்குழலின் இரு பக்கங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் தைராய்டுச் சுரப்பி, உணவிலிருந்து கிடைக்கும் அயோடினைக் கொண்டு தைராக்சின் என்னும் ஹார்மோனை உண்டாக்கி ரத்தத்தில் விடுகிறது. எவ்வளவு வேண்டும் என்பதை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி நிர்ணயிக்கிறது. வியாதியுற்ற பூனையில், சுரப்பியின் ஒரு பகுதி தீங்கற்ற கட்டியாக வளர்ந்து, பிட்யூட்டரியின் கட்டளைக்குச் செவிசாய்க்காமல் தன்னிச்சையாகச் சுரக்கத் தொடங்குகிறது. நூற்றுக்கு எழுபது பூனைகளில் இரண்டு பக்கமும் பாதிக்கப்படுகின்றன. புற்றுநோயாக இருப்பது நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை. ஹார்மோன் மிகுந்த சரீரம், விறகை அள்ளி அள்ளித் திணித்த அடுப்பைப் போல எரிகிறது: உண்டதையெல்லாம் எரித்த பிறகும் போதாமல் சதையையும் எரிக்கிறது. இருதயம் நிமிஷத்திற்கு 240 தடவைக்கு மேலும் துடிக்கலாம். அடிக்கடி வாந்தி, பேதி, மிகுந்த தாகம், இரவில் காரணமில்லாத கூக்குரல் ஆகியவையும் உடன் வரும். அனுபவமுள்ள வைத்தியர், பூனையின் தலையைச் சற்று உயர்த்தி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மூச்சுக்குழலின் இரு ஓரங்களிலும் வைத்து மார்பை நோக்கி மெதுவாக வழித்துக்கொண்டு வருவார். வீங்கிய சுரப்பியானால் ஒரு சிறு உருண்டை விரலுக்கடியில் வழுக்கிச் செல்வது தெரியும். நிச்சயப்படுத்துவது ரத்தப் பரிசோதனை. நீரிழிவும் சிறுநீரக வியாதியும் ஏறக்குறைய இதே வேஷத்தில் வரக்கூடுமாகையால், அவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

சிகிச்சை என்றவுடன் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வது மாத்திரையைத்தான். மெத்திமசோல், அல்லது சரீரத்திற்குள் சென்றதும் மெத்திமசோலாகவே மாறிவிடும் கார்பிமசோல், தைராக்சின் உண்டாவதைத் தடுக்கிறதேயன்றிக் கட்டியைக் கரைப்பதில்லை. ஆகையால் ஆயுள் பரியந்தம் கொடுத்தாக வேண்டும். மெத்திமசோலைச் சாதாரணமாகக் காலையில் 2.5 மில்லிகிராமும் மாலையில் 2.5 மில்லிகிராமுமாக ஆரம்பிப்பார்கள். பூனைக்கு மாத்திரை கொடுப்பது ஒரு தனிக் கலை. முகத்துக்கு நேரே நின்று கொடுக்க முயன்றவர்கள் கையில் கீறலோடுதான் திரும்புவார்கள். பூனையின் பின்புறம் நம் மார்பை நோக்கியிருக்கும்படி மேஜைமேல் உட்காரவைத்து, ஒரு கையால் கன்னத்தெலும்புகளைப் பிடித்து மூக்கை மேல்நோக்கிச் சாய்த்தால் கீழ்த்தாடை தானாகவே தளரும்; மாத்திரையை நாக்கின் பின்பகுதியில் விட்டு வாயை மூடி, தொண்டையை வருடினால் விழுங்கிவிடும். உடனே ஒரு வாய் உணவோ, சிறு பீச்சாங்குழலில் கொஞ்சம் தண்ணீரோ கொடுப்பது அவசியம். வறண்ட மாத்திரை உணவுக்குழலில் தங்கிப் புண்ணாக்கக்கூடும். மாத்திரையைத் தூளாக்கக் கூடாது. கர்ப்பிணிகள் கையுறையின்றித் தொடவும் கூடாது. எதற்கும் இணங்காத பூனைகளுக்கு, இதே மருந்தைக் களிம்பாக்கி ரோமமில்லாத உட்காதில் தடவும் உபாயமும் இருக்கிறது.

மருந்து தொடங்கிய முதற் சில வாரங்களில் வாந்தியும் பசியின்மையும் தோன்றலாம். முகத்தை ரத்தம் வரும்படி பிறாண்டிக்கொள்ளும் பூனைகளும் உண்டு. அப்படிப் பிறாண்டினால் மருந்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் மறுபடியும் ரத்தம் பார்க்கிறார்கள். அதில் ஒரு சங்கடமான ரகசியம் வெளிப்படுவதுண்டு. தைராக்சின் மிகுந்திருந்த காலத்தில் ரத்தம் வேகமாக ஓடிச் சிறுநீரகங்களைத் தீவிரமாக வேலை வாங்கியதால், அவற்றின் தளர்ச்சி பரிசோதனையில் தெரியாமல் மறைந்திருக்கும். மருந்தினால் அந்த வேகம் அடங்கியதும், சிறுநீரகங்கள் வெளியேற்ற வேண்டிய கழிவாகிய கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் உயர்கிறது. மருந்துதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று பலர் வைத்தியரோடு சண்டைக்குப் போகிறார்கள், அது நியாயமன்று. திரைக்குப் பின்னால் இருந்ததை மருந்து வெளியே கொண்டுவந்தது, அவ்வளவே. அதற்காகத் தைராய்டை வேண்டுமென்றே அடங்காமல் விட்டுவைப்பதும் தவறு. வேகமாக ஓடும் ரத்தம் நாளடைவில் சிறுநீரகங்களை மேலும் சிதைக்கும். அளவுக்கு மீறி அடக்கிவிட்டாலும் கெடுதிதான். ஆகையால் மருந்தின் அளவை அணுஅணுவாகச் சரிசெய்துகொண்டே போவார்கள்.

முற்றிலும் குணப்படுத்தும் உபாயம், அயோடின்-131 என்னும் கதிரியக்க அயோடினை ஒரே ஒரு ஊசியாகச் செலுத்துவது. இதன் நுட்பம் என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. கட்டியானது அயோடினுக்குப் பேராசை கொண்டு அதை இழுத்துக்கொள்கிறது. ஆரோக்கியமான பகுதியோ, ரத்தத்தில் மிகுந்த ஹார்மோனைக் கண்டு பிட்யூட்டரி வாயடைத்துப் போனதால் உறங்கிக் கிடந்து, அயோடினைத் தொடுவதேயில்லை. அதன் பீட்டா கதிர்கள் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவாமல், அயோடினை விழுங்கிய பகுதியை மட்டும் அழிக்கின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பூனைகள் குணமடைகின்றன. அயோடின்-131-இன் அரை ஆயுள் எட்டு நாட்களாகையால், பூனையைச் சில நாட்கள் விசேஷ மருத்துவமனையில் தனிமைப்படுத்தி வைத்திருக்க வேண்டும், செலவும் அதிகம். அறுவை சிகிச்சையிலும் குணம் உண்டு, ஆனால் ஒட்டியுள்ள நுண்ணிய பாராதைராய்டுச் சுரப்பிகள் சேதமானால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து வலிப்பு வரக்கூடும். அயோடின் குறைந்த பிரத்தியேக உணவும் விற்கிறார்கள். அதைத் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது என்பது நிபந்தனை. பக்கத்து வீட்டில் கருவாட்டுத் துண்டு திருடும் பூனைக்கு இது சாத்தியமேயில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுள் முக்கியமானது வாரந்தோறும் நிறுப்பது. நாலு கிலோ பூனையில் 400 கிராம் குறைந்தால் சரீரத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்துப் பார்த்தாலும் ஓரளவுக்குத் தெரியும்; குழந்தைகளை நிறுக்கும் தராசு இருந்தால் இன்னும் உத்தமம். தூங்கும்போது நிமிஷத்திற்கு எத்தனை மூச்சு என்பதையும் எண்ணலாம். முப்பதுக்கு மேல் தொடர்ந்து போனால் இருதயத்தைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். கண்மணி எந்நேரமும் விரிந்தபடியே இருந்தாலோ, பழகிய அறையில் பூனை நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டாலோ, மறுநாளைக்கு என்று ஒத்திப்போடாமல் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். இந்த வியாதியோடு சேர்ந்து வரக்கூடிய உயர்ந்த ரத்த அழுத்தம் விழித்திரையைப் பிரித்துவிடுகிறது, அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரை தாமதமின்றிக் கிடைத்தால் பார்வை மீள்வதற்கு இடமுண்டு.