ஈரம் பிரிக்கும் கலன்

மூணாற்றின் நல்லதண்ணித் தேயிலை அருங்காட்சியகத்தில், கன்னிமலைத் தோட்டத்துக்கு ஒருகாலத்தில் மின்சாரம் ஆக்கித் தந்த பெல்டன் சக்கரம் ஓய்வில் இருக்கிறது. அதற்குத் தொன்மையே மதிப்பு. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய சிறு சலவைப் பொறியின் நிலை வேறு. அது இனியும் உழைக்க வேண்டும். துவைகலனும் சுழல்கலனும் அருகருகே அமைந்த, உருட்டி நகர்த்தத்தக்க அப்பொறியை வாங்க வருவோர் பெரும்பாலும் துவைகலனையே ஆராய்கின்றனர். மூணாற்றில் முதலில் நோக்கத்தக்கது சுழல்கலனே என்பேன். கருங்கற் பாறை மேல் ஓடிவரும் இம்மலையின் நீர் மென்னீர். சோப்பு எளிதில் நுரைக்கும், அழுக்கும் அகலும். இங்கே அரிய செயல் உலர்த்துதலே.

கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரில், வெப்பநிலை 18 பாகை செல்சியசும் ஈரப்பதம் 95 விழுக்காடுமாக அமைந்த ஒரு மழைநாளைக் கொள்வோம். அவ்வெப்பநிலையில் காற்று தாங்கவல்ல நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 20.6 ஹெக்டோபாசுகல். அதில் நிரம்பாது எஞ்சுவது 1 ஹெக்டோபாசுகல் மட்டுமே. 37 பாகையும் 40 விழுக்காடும் கொண்ட மதுரைக் கோடைநாளில் அவ்விடைவெளி ஏறத்தாழ 38. நீர் ஆவியாகும் விரைவை இவ்விடைவெளி ஆள்வதால், அங்கே நண்பகலுக்குள் உலரும் வேட்டி இங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துத் திண்ணையில் நாள்கணக்கில் ஈரம் காக்கும். பூஞ்சை மணமும் ஏறும்.

ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். 150 வாட் மின்னோடி ஐந்து நிமிடம் சுழலச் செலவாவதோ 0.0125 யூனிட். ஆவியாக்காமல் உதறி எறிவதன் சிறப்பு இதுவே. 11 சென்டிமீட்டர் ஆரமுள்ள கலன் நிமிடத்துக்கு 1,300 சுற்றுச் சுழன்றால், அதன் சுவரில் ஒட்டிய துணிமீது புவியீர்ப்பைப் போல் இருநூறு மடங்கு விசை செயல்படும். விசை சுழல்வேகத்தின் இருமடியைப் பொறுத்தது; வேகம் பாதியானால் விசை காற்பங்காகிவிடும். மின்தேக்கி முதுமையால் வலுவிழப்பினும், உருளைத்தாங்கி துருவால் இறுகினும், கண்ணுக்குச் சுழல்வதாகவே தோன்றும். துணி மட்டும் ஈரமாகவே வெளிவரும்.

ஆகவே, வந்தவுடன் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தல் தகாது. கலனைக் கையால் சுழற்றி உராய்வு ஒலியைக் கேட்க வேண்டும். பின்மூடியைக் கழற்றி, கலனின் அச்சைச் சூழ்ந்த ரப்பர் உறையை நோக்க வேண்டும். அது வெடித்திருந்தால் பிழிந்த நீர் நேரே கீழுள்ள மின்னோடிமேல் சொட்டும். இவ்வகைப் பொறிகளின் உயிரைப் பெரிதும் குடிப்பது இக்கசிவே. பனியில் கிடந்த மின்னோடியின் கம்பிச்சுருளும் ஈரம் உண்டிருக்கும். சில நாள் கதகதப்பான உலர்ந்த இடத்தில் வைத்தபின், மெக்கர் கொண்டு கம்பிச்சுருளுக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே 500 வோல்ட்டில் காப்புத்தடையை அளக்க வேண்டும். ஒரு மெகாஓமை எட்டாத பொறியை, ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவர் தொடவே கூடாது. மூடியைத் திறந்ததும் சுழற்சியை நிறுத்தும் தடைக்கட்டை தேய்ந்திருப்பின் அதையும் மாற்றியாக வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் தளர்வே கூடாது.

இவற்றில் தேறியபின் தராசு தீர்ப்புச் சொல்லும். உலர்ந்த நிலையில் ஒரு கிலோ எடையுள்ள பருத்தித் துணியை நனைத்து, ஐந்து நிமிடம் சுழற்றி, மீண்டும் நிறுக்க வேண்டும். எஞ்சிய நீர் 600, 700 கிராம் அளவில் நின்றால் பொறி நலமாக உள்ளது. ஒரு கிலோவைத் தாண்டினால் மின்தேக்கியையும் உருளைத்தாங்கியையும் ஐயுற வேண்டும்.

வளைகுடா நாட்டிலிருந்து வந்த பழம்பொறியாயின் மற்றொன்றும் உண்டு. சவூதி அரேபியாவில் வீடுகளுக்கு நெடுங்காலம் 127 வோல்ட், 60 ஹெர்ட்சு மின்சாரம் வழங்கப்பட்டது. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்சு. மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்குமேயன்றி அதிர்வெண்ணை மாற்றாது. ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுழலும் அக்கலனின் விசை 69 விழுக்காட்டுக்கு இறங்கும். இரும்பு உள்ளகம் காந்தச்செறிவு மிகுந்து மின்னோடி சூடேறும். அத்தகையதை 50 ஹெர்ட்சு மின்னோடி பொருத்தும் செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.