சேற்றுக்குள்ளே ஒரே அமர்க்களம்!

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகேறுகிறவர்கள் எல்லோரும் மேலேயேதான் பார்க்கிறார்கள். கொக்கு, சுரபுன்னை வேர்ப் பந்தல், ‘இதயக்கனி’யில் எம்.ஜி.ஆர். வந்துபோன வாய்க்கால்... பார்க்கட்டும், நல்ல காட்சிதான். ஆனால் அசல் படப்பிடிப்பு நடப்பது படகுக்கு அடியில், சேற்றுக்குள்! கதாநாயகன் ஆக்சிஜன். ஆள்தான் தலைமறைவு.

காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன், வெதுவெதுப்பான ஒரு லிட்டர் கடல்நீரில் கரைவதோ 6 மில்லிகிராம் சொச்சம். அதுவும் சேற்றில் சில மில்லிமீட்டர் இறங்குவதற்குள் காலி. மேல்தோல் பழுப்பு, விரலை அழுத்தினால் அடியில் மைக்கறுப்பு. அந்தக் கறுப்பில் வாழும் நுண்ணுயிரிகள் பட்டினி கிடக்கின்றனவா? அதெல்லாம் இல்லை. பிற சேர்மங்கள் கட்டி வைத்திருக்கும் ஆக்சிஜனில் கை வைத்துவிடுகின்றன! முதலில் நைட்ரேட், அடுத்து மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள். அவையும் தீர்ந்தால் சல்பேட். அது தீரவே தீராத களஞ்சியம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட். எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன். கணக்குப் போட்டேன், மயக்கமே வந்துவிட்டது: கரைந்திருப்பதைப் போல் சுமார் 300 மடங்கு!

சல்பேட்டில் ஆக்சிஜன் பறிபோன கந்தகம் சும்மா இருக்குமா? ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு ஆகிறது. துடுப்பு சேற்றைக் கிளறும்போது குப்பென்று வருமே, அழுகிய முட்டை நாற்றம், அதுதான். தண்ணீரில் ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கந்தகம் உட்கார்ந்தால் இந்த வாயு. தனிம அட்டவணையில் இருவரும் மேல்வீடு, கீழ்வீடு, குணமோ இப்படி! மிச்சக் கந்தகம் இரும்பைப் பிடித்துக்கொள்ள, சேறு கறுக்கிறது. அந்தக் கறுப்புச் சேற்றை அள்ளிக் காற்றில் வைத்துவிட்டால் மெல்ல வெளுத்துப் பழுப்பேறும். ஆக்சிஜன் பழிதீர்க்கிறது.

செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியையே முடக்கும் விஷம் இந்த வாயு. இதற்குள் வெண்கண்டல் மரம் எப்படி வேர் விடுகிறது? மரத்தடியில் சேற்றைப் பொத்துக்கொண்டு விரல் விரலாக நிற்கும் மூச்சுவேர்களைக் குனிந்து பாருங்கள். மேலெல்லாம் பொடிப்பொடித் துளைகள், உள்ளே பஞ்சு போன்ற காற்றறைகள். ஓத நீர் ஏறி மூடும்போது வேர் உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்கிறது; வெளிவிடும் கரியமில வாயு நீரில் கரைந்துபோக, உள்ளே அழுத்தம் குறைகிறது. நீர் வற்றித் துளைகள் தலைகாட்டியதும், சர்ரென்று காற்று உள்ளே! ஷோலாண்டர் என்கிற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1955இல் வெளியிட்ட ஆய்வில் இதை அளந்தே காட்டினார்கள். சுரபுன்னை இனத்தின் முட்டுவேர்த் துளைகளில் கிரீசைத் தடவி அடைத்தும் பார்த்தார்கள். சேற்றுக்குள் இருந்த வேரில் ஆக்சிஜன் மளமளவென்று சரிந்தது. குறும்புக்காரர்கள்!

வேர் கொஞ்சம் ஆக்சிஜனை வெளியேயும் கசியவிடுகிறது. அது பட்ட இரும்பு துருவாகி வேரைச் சுற்றிச் செம்பழுப்புப் பூச்சாகப் படியும். நண்டு வளைகளின் சுவரிலும் இதே நிறம்.

பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கக் கடல் உயிரியல் மாணவர்கள் கற்கும் வழி, ஹங்கேரிக்காரர் விங்க்ளர் 1888இல் சொன்னதுதான். குமிழி புகாமல் குப்பியை நிரப்பி மாங்கனீசு உப்பும் கார அயோடைடும் விட்டால் பழுப்பு வீழ்படிவு இறங்கும். ஆக்சிஜனே இல்லையென்றால் வெள்ளை. அமிலம் விட்டதும் பொன்மஞ்சள். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறும்போது ஸ்டார்ச் சேர்த்தால் பளீர் நீலம். இன்னும் ஓரிரு சொட்டு, நீலம் மாயம்! எத்தனை சொட்டு செலவாயிற்றோ, அதுவே ஆக்சிஜனின் கணக்கு. கைதட்டாமல் இருக்க முடியவில்லை.

போகிறவர்கள் நீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். மூச்சுவேர்கள் அப்போதுதான் முழுசாகத் தெரியும். குனிகிற ஆர்வத்தில் தில்லை மரக் கிளையை மட்டும் ஒடித்துவிடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.