பல் இல்லாத இடம்

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் போன ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போய், இரண்டரை வயசு ஆண் குட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டானாம். “வாரை இறுக்கினால் நிற்கிறது, கொஞ்சம் நெகிழ்த்தினால் பறக்கிறது. இதைவிடக் கனமான கடிவாளம் வாங்கிப் போடலாமா?” என்று கேட்கிறார். கூடவே ஒரு படமும் வைத்திருக்கிறார். நல்ல குட்டிதான். இரண்டு காதும் உள்பக்கம் வளைந்து நுனியில் முட்டிக்கொள்கின்றன. கத்தியவாரியோ மார்வாரியோ, அந்த ரத்தம் ஓடுகிறது. ஆனால் வாய் பிளந்து கிடக்கிறது, கண்ணில் வெள்ளை தெரிகிறது. அந்த வாயைப் பார்த்த பிறகு நாலு வரிப் பதிலோடு நிறுத்த மனம் வரவில்லை.

குதிரை என்ன தின்னும், லாடம் எதற்கு என்பதெல்லாம் குட்டி வாங்கியவருக்கே தெரிந்திருக்கும். நேரே வாய்க்குள் போய்விடுவோம்.

குதிரையின் உதட்டுக்குப் பின்னால் மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப்பற்கள். புல்லை நறுக்குவது இவற்றின் வேலை. அரைக்கும் பற்களோ உள்ளே, கன்னத்துக்குள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே சுமார் நாலு விரல் அகலத்துக்குப் பல்லே கிடையாது, வெறும் ஈறுதான். ஆண் குதிரைக்கு நாலைந்து வயசில் அங்கே ஓரமாக ஒரு கோரைப்பல் எட்டிப் பார்க்கும். பெண் குதிரைக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் முயலுக்கும்கூட இப்படி ஒரு இடைவெளி உண்டு. புல் தின்று வாழ நீண்ட தாடை வேண்டியிருந்தது, நீண்ட தாடையில் இப்படி ஒரு இடம் மிஞ்சியது. மனிதன் ஏறி உட்காருவான் என்று யாரும் ஒதுக்கிவைத்த இடம் அல்ல. ஆனால் அந்த நாலு விரல் இடத்தில்தான் கடிவாளத்தின் இரும்பு போய் உட்காருகிறது. அந்த இடம் இல்லாவிட்டால் தேர்ப்படையும் இல்லை, ஜட்காவும் இல்லை. மனிதன் எப்போது குதிரையை அடக்கினான் என்று தேடுகிற தொல்லியல்காரர்கள், பழைய மண்டையோடுகளில் இந்த இடைவெளிக்கு அடுத்த பல்லைத்தான் உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறார்கள், இரும்போ எலும்போ உரசிய தேய்மானம் இருக்கிறதா என்று.

எனக்கு இந்த இடைவெளி மேல் ஒரு பித்து. சிங்கம்புணரிப் பக்கம், அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் ஒரு புரவி எடுப்புக்குப் போனபோது, ஊர்வலம் கிளம்புமுன் வரிசையாக நின்ற மண்குதிரைகளின் வாயை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். கழுத்து மணி, நெற்றிச் சுட்டி, மூக்குத் துளை எல்லாம் அச்சு அசலாக வைத்திருந்தார் அவற்றைச் செய்த வேளார். பல்லை மட்டும் முன்னாலிருந்து கடைசிவரை சோளக்கதிர் மாதிரி நெருக்கி அடுக்கிவிட்டார். அவரிடம் சொன்னேன். “அய்யனார் குதிரைக்குக் கடிவாளம் எதுக்குண்ணே? சாமி நினைச்சா அது போகும்” என்றார். பதில் பிடித்துப்போயிற்று. ஏனென்றால் நல்ல குதிரைப் பழக்கம் என்பதே கிட்டத்தட்ட அதுதான்.

அந்த ஈறுக்கு அடியில் தாடை எலும்பு விளிம்பு கட்டி நிற்கிறது. மேலே சதை இல்லை, மெல்லிய தோல்தான். திண்ணைப் படியில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். அப்படிப்பட்ட எலும்பின் மேல் இரும்பை வைத்து இரண்டு கையாலும் இழுக்கிறோம். வலிக்கிற குதிரை என்ன செய்யும்? வாயைத் திறக்கும், தலையைத் தூக்கும், நாக்கை இழுத்துக்கொள்ளும். அதுவும் பலிக்காவிட்டால் வலியிலிருந்து தப்பி ஓடப் பார்க்கும். ஓடித் தப்பித்தே வம்சம் வளர்த்த பிராணி அது. ஓடுகிறதே என்று நாம் இன்னும் இழுக்கிறோம். நானூறு கிலோ உடம்போடு கயிறு இழுக்கும் போட்டி. இதில் கனமான இரும்பு கொஞ்ச நாள் ஜெயிக்கும், அவ்வளவுதான். பிறகு ஈறு மரத்துப்போகும், அதைவிடக் கனமானதைத் தேட வேண்டிவரும்.

எங்கள் வீட்டில் அப்பத்தா நாள் முழுக்க என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஒரு தடவைகூட என் காதில் விழுந்ததில்லை. ஐயா பட்டாலையில் உட்கார்ந்தபடி ஒரே ஒரு முறை கனைப்பார். வீட்டின் இரண்டாம் கட்டுவரை ஒருவரும் மூச்சுக் காட்டமாட்டார்கள். ஓயாமல் இழுபடும் வார் அப்பத்தாவின் குரல். தொங்கிக் கிடந்து, வேண்டும்போது மட்டும் ஒரு விரல் அசைகிற வார் ஐயாவின் கனைப்பு.

குதிரைக்கு அவ்வளவு சின்னச் சைகை போதுமா என்று சந்தேகப்பட வேண்டாம். விலாவில் ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறுகிற உடம்பு அது. முதுகில் உட்கார்ந்திருப்பவர் மூச்சை விட்டு இடுப்பைத் தளர்த்துவதும், ஒரு பக்கம் திரும்பிப் பார்ப்பதும் அதற்குத் தெரியும். ஈ கனமே தெரிகிற விலங்குக்கு மகனுடைய கனம் தெரியாதா?

பழக்குகிற முறைக்கு வருகிறேன். இரண்டரை வயசுக் குட்டி மேல் மகனை ஏற்றாதீர்கள், இது முதல் விதி. பார்க்க வளர்ந்த குதிரை மாதிரி இருந்தாலும் முதுகெலும்பு முற்ற ஐந்து வயசு தாண்டும். நாலு வயசுவரை தரையில் நின்றே பாடம் நடக்கட்டும். கடிவாளத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் தலைக்கயிறு போடுங்கள். கயிற்றை ஒரு பக்கமாக, கொஞ்சமாக இழுத்துக் காத்திருங்கள். குட்டி முதலில் எதிர்த்து நிற்கும். அப்போது அதிகமாகவும் இழுக்கக் கூடாது, விட்டுவிடவும் கூடாது. ஒரு கணம் தலையை உங்கள் பக்கம் திருப்பும். அந்தக் கணமே கயிற்றை விடுங்கள். சூட்சுமம் முழுக்க இங்கேதான். குதிரை இழுப்பிலிருந்து கற்பதில்லை, விடுவதிலிருந்துதான் கற்கிறது. எதைச் செய்தபோது கை தளர்ந்ததோ அதுவே சரியான விடை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு நொடி தாமதித்து விட்டால் அந்த நொடியில் செய்த வேறெதையோ பாடமாகப் படித்துவிடும்.

ஏறும் நாள் வந்த பிறகும் இதே கணக்குதான். முதலில் நடை மட்டும். வாரைத் தொங்கவிட்டு நடக்க விடுங்கள். வேகம் எடுத்தால் இரண்டு வாரையும் சேர்த்து இழுக்காமல், ஒரு பக்க வாரை மட்டும் மெல்லச் சுருக்கிச் சின்ன வட்டத்தில் திருப்புங்கள். வட்டத்தில் பறக்க முடியாது, தானாகத் தணியும். தணிந்ததும் வாரை மறுபடி தொங்கவிடுங்கள். முதல் நாள் ஐம்பது வட்டம் போட வேண்டியிருக்கலாம். அலுப்பாக இருக்கும், ஆனால் குதிரைக்குக் கணக்குப் பிடிபட்டுவிடும்: நிதானமாகப் போனால் வாயில் தொந்தரவு இல்லை. அது புரிந்ததற்கு அடையாளம் உண்டு. கழுத்து இறங்கும். காதுகள் பக்கவாட்டில் தொங்கும். மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விடும், எதையோ மெல்லுகிற மாதிரி வாயை அசைக்கும். அத்தோடு அன்றைய பாடத்தை முடித்து இறங்கிவிட வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தின் செனபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு கைநூல் எழுதினார். கட்டாயப்படுத்திச் செய்யவைத்த அசைவில் அழகு இல்லை, சாட்டையால் அடித்து ஆடவைத்த ஆட்டத்தைப் போல என்பது அவர் கட்சி. நம் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயச் சாலைகளிலும் இதைப் பார்க்கலாம். பூஞ்சிட்டு மாடோ பெரிய மாடோ, பேர் வாங்கிய சாரதி கையில் கயிறு தளர்ந்தே இருக்கும். புதிதாக ஏறியவர்தான் மூக்கணாங்கயிற்றை ரத்தம் கசிய இழுப்பார்.

ஆனால் குதிரை விஷயத்தில் நம் பாண்டிநாட்டுக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. குதிரை இங்கே விளைந்த பொருள் அல்ல, கடல் வழியாக வந்தது. குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட மந்திரி மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் கட்டியதும், சிவன் ராவுத்தராகக் குதிரைகளோடு மதுரைக்கு வந்ததும் எல்லோரும் அறிந்த கதை. அந்தத் துறை, இன்றைய ஆவுடையார்கோயில், காரைக்குடிக்கு வெகு தூரமில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்குகிறார், வருஷக் கடைசியில் 100கூட மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். பராமரிக்கத் தெரியவில்லை, வைத்தியம் தெரிந்தவரை வியாபாரிகள் வர விடுவதில்லை, செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம் என்பது அவர் சொல்லும் காரணம். புராணத்தில் குதிரைகள் ஒரே ராத்திரியில் நரியாகிப் போயின. அவர் கணக்கில் ஒரே வருஷத்தில் எலும்பாகிப் போயின.

எழுநூறு வருஷத்தில் எவ்வளவு திருந்தியிருக்கிறோம்? சென்ற தையில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு வெள்ளைக் குதிரை வந்தது. மேளமும் வேட்டும் காதைப் பிளக்க, அதன் தலையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். “ஆடுது பார்” என்று எல்லோரும் படம் எடுத்தார்கள். வாயோரம் நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன், இரும்பில் முள். முள்வைத்த கடிவாளம் கூடாது என்று 1965ஆம் ஆண்டின் வதைத் தடுப்பு விதிகளிலேயே இருக்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது, முள் வாயில் இருக்கிறது. நானும் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடத்தான் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளத்தூர் நண்பரே, கனமான கடிவாளம் வாங்க வேண்டாம். வைத்திருப்பதையே கழற்றி எடுத்துக் கழுவித் துடையுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வளவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்த இரும்பை இரண்டு உள்ளங்கையிலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுங்கள். வாரை மகன் கையில் கொடுத்துப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். அவன் ஒரு விரலை மடக்கினாலே உங்களுக்குத் தெரியும். பிறகு, குட்டியிடம் இழுப்பதுபோல ஒரு தடவை இழுக்கச் சொல்லுங்கள்.