முள்ளந்தண்டு நீரில் நெருக்கீட்டின் தடம்

"மாமா, முதுகில ஊசி போட்டு எடுக்கிற தண்ணியப் பாத்தா மனிசன்ட கவலையும் தெரியுமா?"

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மருமகன் ஒருநாள் இப்படிக் கேட்டான். "கொஞ்சம் தெரியும். ஆனா அந்தத் தண்ணிக்குள்ள அது எங்கயிருந்து வந்த என்டுதான் முதல்ல கேக்கணும்" என்றேன். பகிடியாகச் சொன்னாலும், ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக முட்டி மோதிய கேள்வி அதுதான்.

மூளையைச் சூழ்ந்தும் அதன் உள்ளறைகளை நிரப்பியும் நிற்கும் தெளிந்த நீரை மூளைய முண்ணாண் பாய்பொருள் என்கிறோம். வளர்ந்தவர் ஒருவரில் எந்நேரமும் சுமார் 150 மில்லிலீற்றர் இருக்கும். ஒரு நாளில் சுரப்பதோ 500 மில்லிலீற்றரளவு. அதாவது, நாளொன்றுக்கு மூன்று தடவைக்கு மேல் அது புதுப்பிக்கப்படுகிறது. 1891இல் குவின்க்கே என்ற ஜேர்மன் மருத்துவர் இடுப்புப் பகுதியில் ஊசி செலுத்தி அதை எடுக்கும் முறையை அறிமுகப்படுத்தினார்.

பயம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது; கை வியர்க்கிறது. சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனற் சுரப்பி அதிரினலினை இரத்தத்தில் கொட்டுகிறது. அப்படியானால் மூளை நீரில் காணப்படும் நெருக்கீட்டுப் பொருட்களும் அங்கிருந்து வந்தவைதானே என்று நினைக்கத் தோன்றும். இல்லை. இடையில் ஒரு காவல் இருக்கிறது. 1885இல் போல் ஏர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றியபோது உடலெல்லாம் நிறம் பிடித்தது. மூளை மட்டும் வெளிறியே இருந்தது. 1913இல் அவருடைய மாணவர் கோல்ட்மன் சாயத்தை மூளை நீருக்குள்ளேயே செலுத்தினார். இம்முறை மூளை நிறம் பிடித்தது, உடல் பிடிக்கவில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே தடுப்பொன்று உண்டு என்பதை இவ்விரு சோதனைகளும் காட்டின.

அதிரினலினும் நொரதிரினலினும் இந்தத் தடுப்பை இலகுவில் தாண்டுவதில்லை. ஆகவே நீரில் காணும் நொரதிரினலினின் பெரும்பங்கு உள்ளேயே ஊறியது. அதன் முக்கிய ஊற்று, மூளைத்தண்டில் வரோலியின் பாலத்திலுள்ள லோகஸ் செருலியஸ். 'நீல இடம்' என்பது அதன் பொருள். சில பத்தாயிரம் கலங்களே கொண்ட இச்சிறு கூட்டம், மூளையெங்கும் முண்ணாண் வரையும் கிளை பரப்பி விழிப்பையும் எச்சரிக்கையையும் நடத்துகிறது.

கோர்ட்டிசோலின் கதை வேறு. அது கொழுப்பில் கரைவதால் தடுப்பைக் கடந்துவிடும். நீரிலுள்ள கோர்ட்டிசோல் அதிரீனற் சுரப்பியிலிருந்து இரத்தவழி வந்ததே. அந்தச் சுரப்பியைத் தூண்டும் சங்கிலியின் முதற்கண்ணி சீ.ஆர்.எச். 1981இல் வைலி வேலின் குழு செம்மறியாட்டு மூளைகளிலிருந்து அதைப் பிரித்தறிந்தது. பரிவகக்கீழிலிருந்து கபச்சுரப்பிக்குச் செல்லும் சீ.ஆர்.எச். தான் நீரிலும் கசிகிறதென்றால், அதுவும் கோர்ட்டிசோலும் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும். ஆனால் காலையில் கோர்ட்டிசோல் உயர்ந்திருக்கும் வேளையில் நீரின் சீ.ஆர்.எச். தாழ்ந்திருக்கிறது. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா போன்ற வேறு பகுதிகளும் அதைச் சுரக்கின்றன என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஊசி குத்துவது இடுப்பில்; நாம் அறிய விரும்புவது தலைக்குள் நடப்பதை. செரற்றோனினின் சிதைவுப் பொருளில் ஒரு பங்கு முண்ணாணிலிருந்தே நீரில் சேர்கிறது. நொரதிரினலினின் சிதைவுப் பொருளான எம்.எச்.பீ.ஜி. தடுப்பைத் தாண்டக்கூடியது, எனவே அதில் உடலின் பங்கும் கலந்திருக்கும். முதலில் எடுக்கும் துளியும் பின்னர் எடுக்கும் துளியும்கூட ஒன்றல்ல. ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு வாளி தண்ணீர் அள்ளி, எந்த மலையின் மண் இதென்று கேட்பதைப் போன்ற வேலை இது.

இத்தனைக்கும் பிறகு பயன் என்ன? 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோயுள்ள 11 முன்னாள் போர்வீரர்களிடமிருந்தும் சுகதேகிகளான 8 ஆண்களிடமிருந்தும் ஆறு மணிநேரம் இந்நீர் சிறிது சிறிதாக எடுக்கப்பட்டது. நோயாளரில் நொரதிரினலின் கூடுதலாக இருந்தது. நோயின் கடுமையோடு அது கூடியும் சென்றது. இரத்தத்திலுள்ள அளவுக்கோ நோயின் கடுமையோடு தொடர்பு தெரியவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் இரத்தம் சொல்லாததை நீர் சொல்லியிருக்கிறது. யுத்தம் முடிந்து பல்லாண்டுகளின் பின்னும் அவர்களின் மூளைக்குள் எச்சரிக்கை மணி ஓயவில்லை.

இதை வைத்து ஒருவரின் நோயை நிர்ணயிக்க முடியாது. கவலையை அளக்க யாரும் முதுகில் ஊசி குத்திக்கொள்ளவும் தேவையில்லை. ஆனால் யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட நமது ஊர்களில், இரவில் திடுக்கிட்டு எழும் ஒருவரைப் பார்த்து "ரத்தமெல்லாம் செக் பண்ணியாச்சு, ஒண்டுமில்ல, எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

இதைச் சொன்னபோது மருமகன் கொஞ்சநேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அப்ப ரத்தத்தில இல்லாட்டி இல்லையென்டு சொல்ல ஏலாது, என்ன மாமா?" என்றான்.

"ஏலாது மகன்" என்றேன்.