பூ விழுந்த கண்ணுக்கு மறுபார்வை

அறுப்பு வேலையில் நெல் தாள் கண்ணைக் கிழித்துவிட்டால், தாய்ப்பாலோ இலைச்சாறோ விட்டுவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பூஞ்சைக் கிருமி வேர்பிடிக்க அந்த இரண்டு நாள் போதும். புண் ஆறினாலும் கருவிழியில் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். பூ விழுந்த இந்தக் கண்ணைச் சொட்டு மருந்து தெளிய வைக்காது. தழும்பு பார்வையை மறைத்தால், இறந்தவர் தந்த கருவிழியைப் பொருத்துவதே பெரும்பாலும் வழி.

கருவிழியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதில் ரத்தக் குழாய்கள் கிடையாது. அதனால் பொதுவாக ரத்த வகைப் பொருத்தம் பார்ப்பதில்லை. உடல் அதை ஏற்க மறுப்பதும் மற்ற உறுப்புகளைவிடக் குறைவு. இன்றைய செக் நாட்டின் ஓலமோட்ஸ் நகரில், சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்த தொழிலாளி ஒருவருக்கு மருத்துவர் எடுவர்ட் சிர்ம் 1905-லேயே கருவிழி மாற்றத்தை வெற்றிகரமாகச் செய்தார். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னையில் தொடங்கியது.

நெடுங்காலம் கருவிழியை முழு ஆழத்துக்கும் வெட்டியெடுத்து, புதியதை நுண்ணிய நைலான் இழையால் தைத்தார்கள். இப்போது பழுதான அடுக்கை மட்டும் மாற்ற முடிகிறது. கருவிழியின் உட்பரப்பில் ஒற்றை வரிசைச் செல்கள் உள்ளன. கருவிழிக்குள் சேரும் நீரை வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருப்பவை அவையே. அழிந்தால் மீண்டும் வளராது. கருவிழி வீங்கி மங்கும். அப்போது, தானமாக வந்த கருவிழியிலிருந்து அந்த மெல்லிய படலத்தை மட்டும் உரித்து, நீலச் சாயமிட்டு, சிறு துளை வழியே சுருளாகச் செலுத்துகிறார்கள். உள்ளே அதை விரித்து, காற்றுக் குமிழியால் மேலே ஒட்டவைக்கிறார்கள். படலம் பிடிக்கும்வரை நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தழும்பு முன்பக்கம் மட்டும் இருந்தால் முறை தலைகீழ்: அவருடைய உள்படலத்தை விட்டுவைத்து முன் அடுக்குகளை மாற்றுவார்கள்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் சொட்டு மருந்து பல மாதங்கள் தொடரும். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, கூசினாலோ, பார்வை குறைந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தாமதித்தால் பொருத்திய கருவிழியே போய்விடலாம்.

இத்தனை நுட்பமும் ஒரு வீட்டின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கிறது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். கண் தான உறுதிமொழி அட்டை பீரோவில் இருந்து பயனில்லை. துக்க வீட்டில் யாராவது ஒருவர் வாய்திறந்து கேட்டாக வேண்டும். கண்ணாடி அணிந்தவர், சர்க்கரை நோயாளி, கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் யாரும் தரலாம். வெறிநாய்க்கடி, எச்ஐவி போன்ற தொற்றால் இறந்தவர்களிடம் எடுப்பதில்லை. கண் வங்கியினர் வரும்வரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். எடுத்த பிறகு முகம் விகாரமாகாது.